வாசல் பந்தலிலிருந்து கைப்பேசி வரை: கல்யாண மண்டபத்தின் கதை



கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பதை இப்போது கைப்பேசியிலேயே முடித்துவிடுகிறீர்கள். தேதி, ஊர், எத்தனை பேர் என்று தட்டினால் மண்டபங்களின் படமும் வாடகையும் வரிசையாக வந்து நிற்கின்றன. இந்த இடத்துக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

கல்யாண மண்டபம் என்பது பழைய நாளில் சாமிக்கு உரியது. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயிலிலும் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலிலும் விஜயநகரக் காலத்தில் எழும்பிய கல்யாண மண்டபங்களை நீங்கள் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அவை திருக்கல்யாண உற்சவத்துக்காகக் கட்டியவை. நம் முன்னோர் கல்யாணம் பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. பந்தக்கால் நட்டு, கீற்றுப் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டினால் தெருவே மண்டபம். பக்கத்து வீட்டுத் திண்ணையில் பந்தி நடக்கும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் மட்டும் ஊரையே கூட்டிக் கல்யாணம் நடத்தும் அளவுக்கு உள்ளேயே கூடங்கள் இருந்தன.

நகரத்தில் ஒண்டுக் குடித்தன வீடுகள் பெருகியபோது பந்தல் போட வாசல் இல்லாமல் போனது. வாடகை மண்டபங்கள் வந்தன. சென்னையில் அண்ணா சாலை அபட்ஸ்பரி, மயிலாப்பூர் ஏ.வி.எம். ராஜேஸ்வரி மண்டபம் என்று பல வீட்டு ஆல்பங்களில் அவை இருக்கும். அபட்ஸ்பரி இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல். கோயம்பேட்டில் விஜயகாந்தின் ஆண்டாள் அழகர் மண்டபத்தில் ஒரு பகுதி 2007-இல் மேம்பாலத்துக்காக இடிக்கப்பட்டது. மீதி அவருடைய கட்சி அலுவலகமாயிற்று.

அந்தக் காலத்தில் மண்டபத்தின் உயிர் மேனேஜரின் நோட்டில் இருந்தது. எந்தத் தேதி காலி, யாருக்கு எவ்வளவு வாடகை என்பது அவருக்குத்தான் தெரியும். பெண்ணைப் பெற்றவர்கள் பஞ்சாங்கமும் கையுமாக மண்டபம் மண்டபமாக ஏறி இறங்குவார்கள்.

அந்த மூடிய நோட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. பல மண்டபங்கள் சாதிச் சங்கங்கள் கட்டியவை. வேண்டாதவர் வந்து கேட்டால், "அன்றைக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்றே" என்று ஒரு வரியில் அனுப்பிவிடலாம். பொது உபயோகத்துக்கான இடங்களில் தீண்டாமை காட்டுவது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் நோட்டு மூடியிருக்கும்போது அதை எப்படி நிரூபிப்பது? அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஊராட்சி, நகராட்சிகளின் சமுதாய நலக்கூடங்கள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இனி இணையத்தின் கதை. 1997-இல் அமெரிக்காவில் பணியாற்றிய சென்னைக்காரர் முருகவேல் ஜானகிராமன் தமிழர்களுக்காக ஒரு இணையதளம் தொடங்கினார். அதில் வரன் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. அதுவே பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. தாய் நிறுவனமான மேட்ரிமோனி.காம் 2017-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. வரன் பார்த்துக் கொடுத்தவர்கள் அடுத்து மண்டபமும் பார்த்துக் கொடுக்க, மண்டப்.காம் என்ற தளம் பிறந்தது. வடக்கே வெட்டிங்ஸ்.இன் என்ற நிறுவனத்தை 2018-இல் ஓயோ வாங்கியது. சென்னை மாநகராட்சியும் தன் சமுதாய நலக்கூடங்களுக்கு இணையப் பதிவு வைத்திருக்கிறது.

மேனேஜர் நோட்டு இப்போது எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கிறது. காலியாக உள்ள தேதியைக் காட்டிவிட்டு ஆளைப் பார்த்ததும் மறுத்தால், கையில் சாட்சி இருக்கிறது. இந்த மாற்றத்தின் பெரிய பலனாக நான் கருதுவது இதைத்தான்.

ஆனால் எந்தத் தளத்தாலும் கூடுதலாக ஒரு வளர்பிறை முகூர்த்தத்தை உண்டாக்க முடியாது. ஆடியும் மார்கழியும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். அந்த நாட்களின் நட்டத்தையும் சேர்த்துத்தான் தை, ஆவணி வாடகை ஏறுகிறது. 2020-இல் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றானபோது, முன்பணம் கொடுத்திருந்தவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

ஆகவே படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிவிடாதீர்கள். ஒருமுறை நேரில் போய்ச் சமையற்கட்டையும் கழிப்பறையையும் பாருங்கள். கரண்ட், ஜெனரேட்டர், துப்புரவு, ஜி.எஸ்.டி. எல்லாம் வாடகையில் அடங்குமா என்று கேளுங்கள். தேதி மாறினால் முன்பணம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் ஊரில் முதன்முதலில் வந்த மண்டபம் எது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். ஊர் வரலாறு அப்படித்தான் சேரும்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் ஆசிரியர்