அடைந்தாரும் அடைபட்டாரும்: அவுஸ்திரேலியக் குடிவரவுத் தடுப்புக்காவலின் வரலாறு

'அடை' என்னும் வினையடி தமிழில் இருவேறு பொருள்பட நிற்பது. 'அடைந்தான்' என்றவழிச் சென்று சேர்தலையும், 'அடைத்தான்' என்றவழிப் பூட்டி வைத்தலையும் அது குறிக்கும். அடைக்கலம் என்னுஞ் சொல் முன்னைய பொருளைச் சார்ந்தது. அடைந்தாரைக் காத்தல் அரசர்க்கு மட்டுமன்றிக் குடிகட்கும் உரிய அறமெனத் தமிழர் கொண்டனர். கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற இடைக்குல முதுமகள் மாதரி, அவளைக் காக்க இயலாமற் போனமைக்கு ஆற்றாது தீப்புகுந்தாள் எனச் சிலப்பதிகாரம் கூறும். புகலிடந் தருதல் அத்துணைப் பெரும் பொறுப்பாகக் கருதப்பட்டது.

இக்கால அரசுகள் சில, அடைந்தாரை அடைத்து வைத்தலையே தம் முறையாகக் கொண்டன. அவற்றுள் அவுஸ்திரேலியாவின் வரலாறு ஆராயத்தக்கது. அங்கு அம்முறை சட்டமாக எழுதப்பட்டது. நீதிமன்றங்களிற் பலமுறை சோதிக்கப்பட்டது. ஆட்சிக்கு வந்த இரு பெருங் கட்சிகளாலும் பேணப்பட்டது. தடுப்பு முகாம்களிலே உணவுக் குறைவு, வெப்பம், காவலரின் கடுமை எனப் பல இன்னல்கள் எடுத்துக் கூறப்பட்டுள்ளன. எனினும், அவ்வின்னல்கள் யாவற்றினும் ஆழமானது ஒன்றுண்டு. சிறைத்தண்டனை பெற்ற குற்றவாளிக்கு விடுதலை நாள் தெரியும்; குற்றமெதுவும் சாட்டப்படாது தடுத்து வைக்கப்பட்டவனுக்கு அந்நாள் தெரியாது. இக்காலவரையறையின்மை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, எங்ஙனம் ஓரளவேனும் கட்டுப்படுத்தப்பட்டது என்பதே இங்கு நோக்கற்பாலது.

அகதிகளை அடைத்து வைத்தல் அவுஸ்திரேலிய மண்ணுக்கு முற்றிலும் புதியதன்று. 1940ஆம் ஆண்டு யூலை மாதத்திலே பிரித்தானிய அரசு, தன்னாட்டில் வாழ்ந்த ஜேர்மானிய, ஒஸ்திரிய நாட்டவருள் ஏறக்குறைய 2,500 பேரைப் 'பகைநாட்டவர்' எனக் கூறித் 'துனேரா' என்னுங் கப்பலிலேற்றி அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பிற்று. அவருட் பெரும்பாலோர் இற்லரின் கொடுமைக்குத் தப்பியோடிய யூதர். எவனுக்கு அஞ்சி ஓடினரோ அவனுடைய நாட்டவர் என்பதனாலேயே அவர் சிறைப்பட்டனர். நியூ சவுத் வேல்சு மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள ஹே என்னும் ஊரிலே முள்வேலிக்குள் அவருட் பெரும்பாலோர் வைக்கப்பட்டனர். அது பெருந்தவறென்பதைப் பிரித்தானிய அரசு விரைவில் உணர்ந்தது. போர் முடியுமுன்னரே பலர் விடுவிக்கப்பட்டனர். அவருள் ஏறத்தாழ 900 பேர் அந்நாட்டிலேயே தங்கி, கல்வியிலும் கலையிலும் வாணிகத்திலும் சிறந்து விளங்கினர். அக்காவலுக்குப் போர் காரணமாயிற்று. போரின் அச்சந் தணியக் காவலுந் தளர்ந்தது.

போருக்குப்பின் அவுஸ்திரேலியா அகதிகளின் உரிமையை நிலைநாட்டுவதில் முன்னின்ற நாடுகளுள் ஒன்றாயிற்று. கொடுமைக்குத் தப்பிப் பிறநாட்டிற் புகலிடங் கோரும் உரிமையைக் கூறும் உலக மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பரில் நிறைவேறியபோது, ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தலைவராயிருந்தவர் அவுஸ்திரேலியரான எவற் என்பவர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை நடைமுறைக்கு வருவதற்கு ஆறு நாடுகளின் இசைவு வேண்டியிருந்தது. ஆறாவதாக 1954ஆம் ஆண்டில் இசைந்த நாடு அவுஸ்திரேலியாவே. கொடுமைக்கு உள்ளான நாட்டிலிருந்து நேரே வந்து, தாமதமின்றித் தம்மை வெளிப்படுத்தும் அகதிகளை அனுமதியின்றி நுழைந்தமைக்காகத் தண்டித்தலாகாது என்பது அவ்வுடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரை. 1976ஆம் ஆண்டு ஏப்பிரலில் வியட்நாமியர் ஐவர் சிறுபடகொன்றில் டார்வின் துறையை அடைந்தனர். 1981 வரையில் அவ்வாறு கடல் கடந்து வந்தோர் ஏறத்தாழ ஈராயிரவர். குடியேறுவோர்க்கென அமைந்த விடுதிகளில் அவர் தங்கவைக்கப்பட்டனர்; ஆண்டுக்கணக்கிற் பூட்டி வைக்கப்பட்டாரல்லர்.

நிலைமை மாறத் தொடங்கியது 1989ஆம் ஆண்டின் இறுதியிலாகும். கம்போடியாவிலிருந்து வந்த படகுகளிற் கரைசேர்ந்தோர் தடுத்து வைக்கப்பட்டனர். அவருடைய விண்ணப்பங்களின் விசாரணை ஆண்டுகள் சென்றும் முடியவில்லை. 1991ஆம் ஆண்டில் மேற்குக் கரையிலுள்ள போட் ஹெட்லண்டில் தடுப்பு முகாமொன்று திறக்கப்பட்டது. தலைநகரங்களுக்கும் வழக்கறிஞர்க்கும் அது நெடுந்தொலைவு. தம்மை விடுவிக்குமாறு கம்போடியர் சிலர் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு 1992 மே 7ஆம் நாள் விசாரணைக்கு வரவிருந்தது. அதற்கு இரு நாள் முன்னர், மே 5ஆம் நாள், பாராளுமன்றம் விரைந்து ஒரு சட்டத்தை இயற்றிற்று. குறித்த காலத்திற் படகில் வந்தோரைக் காவலில் வைத்தே தீரவேண்டும் என்றும், அவரை விடுவிக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாகாது என்றும் அது விதித்தது. அப்பொழுது ஆட்சியிலிருந்தது தொழிற்கட்சி. நீதிபதி ஆராயுமுன் சட்டமியற்றுவோன் கதவை அடைத்தான் என்பதே இந்நிகழ்ச்சியின் சாரம்.

எனினும் அச்சட்டத்திலும் ஓர் எல்லை இருந்தது. காவலின் காலம் 273 நாளுக்கு மேற்படலாகாது என அது வரையறுத்தது. சில காலப்பகுதிகளைக் கழித்தே அந்நாட்கள் எண்ணப்பட்டனவாயினும், எண்ணுதற்கு ஓர் இலக்கமாவது இருந்தது. 1994 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவ்வெல்லையை நீக்கிற்று. விசாவின்றி நிற்பவர் யாவரையும் கட்டாயக் காவலுக்கு உட்படுத்திற்று. விசா கிடைக்கும்வரை, அல்லது நாட்டினின்றும் நீக்கப்படும்வரை காவல் என்பதே விதியாயிற்று. இவ்விரண்டும் நிகழாதவிடத்து யாது செய்வது என்னும் வினாவுக்குச் சட்டத்தில் விடையில்லை. தடுத்து வைத்தற்கான செலவும் தடுத்து வைக்கப்பட்டோர் அரசுக்கு இறுக்கவேண்டிய கடனாகப் பதியப்படுதற்குச் சட்டம் இடந்தந்தது. இவ்விந்தையான ஏற்பாடு 2009 வரை நீடித்தது.

1992 டிசம்பரில், அந்நாட்டின் தலைமை நீதிமன்றமாகிய உயர் நீதிமன்று முதற் சட்டத்தை ஆராய்ந்தது. ஒருவரைத் தண்டித்தற்பொருட்டுச் சிறைவைக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது; ஆனால் விண்ணப்பத்தை ஆராய்தற்கும் நாட்டினின்று நீக்குதற்கும் வேண்டிய அளவு காவலில் வைத்தல் தண்டனையாகாது என்பது அதன் முடிபு. விடுவிக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாகாது என்ற விதியை அது செல்லாதெனத் தள்ளிற்று, காவலை ஏற்றுக்கொண்டது. காவலில் நான்காண்டுக்கு மேல் இருந்த கம்போடியர் ஒருவரின் முறையீட்டை ஆராய்ந்த ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அது தன்னிச்சையான தடுப்பு என 1997இல் முடிபு கூறிற்று. அவுஸ்திரேலிய அரசு அதனை ஏற்கவில்லை.

தண்டனையன்று எனப் பெயர்பெற்ற அக்காவல் நடைமுறையில் எவ்வாறிருந்தது என்பதை வூமெரா முகாம் காட்டும். தென் அவுஸ்திரேலியப் பாலைநிலத்திலே, முன்னர் ஏவுகணைகளைச் சோதித்த இடத்தையடுத்து, 1999 நவம்பரில் அது திறக்கப்பட்டது. நானூறு பேருக்கென அமைக்கப்பட்ட அம்முகாமில் சில மாதங்களுக்குள் 1,400க்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். ஆப்கானித்தானம், ஈராக், ஈரான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரே அவருட் பெரும்பாலோர். முகாமை நடத்தும் பணி சிறைச்சாலை நடத்தும் தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மனிதரை இலக்கத்தால் அழைத்தலும் இரவிலும் தலை எண்ணுதலும் வழக்கமாயின. 2001இன் இறுதியில் காபூலில் ஆட்சி மாறியதும், ஆப்கானியரின் விண்ணப்பங்களை ஆராய்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. காத்திருப்பே வாழ்வாயிருந்தோர்க்குக் காத்திருத்தற்கும் பொருளில்லாது போயிற்று. 2002 ஜனவரியில் இரு கிழமைக்கு மேல் அவர் உண்ணாநோன்பிருந்தனர். பலர் தம் உதடுகளை ஊசியும் நூலுங்கொண்டு தைத்துக்கொண்டனர். பேசினுங் கேட்பாரில்லை என்பதை வேறெவ்வாறு கூறுவது? 2003ஆம் ஆண்டில் அம்முகாம் மூடப்பட்டது.

அம்முகாம்களிற் பிள்ளைகளும் இருந்தனர். அந்நாட்டின் மனித உரிமை ஆணைக்குழு 2004ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட விரிவான அறிக்கை, 1999 முதல் 2003 வரை ஈராயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் காவலில் வைக்கப்பட்டதை எடுத்துரைத்தது. அவருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஈற்றில் உண்மை அகதிகளென ஏற்கப்பட்டனர். 2003இன் இறுதியிற் காவலிலிருந்த சிறுவர் அதுவரை கழித்த காலம், சராசரி ஓராண்டும் எட்டு மாதமுமாகும். காவல் நீள நீள உளநோய் மிகுகின்றது என்பதை அவ்வறிக்கை சான்றுகளுடன் நிறுவிற்று. 2005இல் சிறுவரைக் காவலில் வைத்தல் கடைசி வழியாகவே இருத்தல் வேண்டுமெனச் சட்டம் திருத்தப்பட்டது. எனினும் 2014இல் அதே ஆணைக்குழு மீண்டும் ஆராய வேண்டியதாயிற்று. அப்பொழுது காவலிலிருந்த சிறுவருள் 34 வீதத்தினர் கடும் உளநோய்க்கு ஆளாகியிருந்தமை தெரியவந்தது.

2004 ஓகஸ்டிலே, முன்னர் விடையின்றி நின்ற வினா உயர் நீதிமன்றின் முன் வந்தது. குவைத்திற் பிறந்த நாடற்ற பலஸ்தீனர் ஒருவரின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. தாமே நாட்டைவிட்டுச் செல்லவும் அவர் இசைந்தார். ஏற்பதற்கோ எந்நாடும் இல்லை. அவரை ஆயுள் முழுதும் அடைத்து வைக்கலாமா? நீதிபதிகள் எழுவருள் நால்வர், சட்டம் அதற்கு இடந்தருகிறது என்றனர். அவருள் ஒருவர் அந்நிலையைத் துயரமானதென ஒப்புக்கொண்டும், அதனை மாற்றுதல் நீதிமன்றின் வேலையன்று என்றார். ஒரேயொரு வாக்கின் மிகுதியால், முடிவில்லாக் காவல் சட்டத்துக்கு அமைந்ததாயிற்று.

இம்முடிபின் பாரத்தைப் பின்னர்ச் சுமந்தோருள் ஈழத்தமிழர் பலர். 2009ஆம் ஆண்டுப் போரின் முடிவையொட்டிக் கடல்வழி சென்றோர் தொகை பெருகிற்று. அவ்வாண்டு ஒக்ரோபரில், கடலில் மீட்கப்பட்ட தமிழர் 78 பேர் 'ஓசியானிக் வைக்கிங்' என்னும் அவுஸ்திரேலியக் கப்பலினின்றும் இந்தோனேசியாவில் இறங்க மறுத்து, ஏறக்குறைய நான்கு கிழமை கப்பலிலேயே இருந்தனர். அக்காலத்திற் சென்றோருட் சிலர் அகதிகளென ஏற்கப்பட்டும் விடுதலை பெறவில்லை. பாதுகாப்புப் புலனாய்வுத் துறை அவர்க்கு எதிராக மதிப்பீடு வழங்கியதே காரணம். அம்மதிப்பீட்டின் அடிப்படை அவர்க்குக் கூறப்படவில்லை. அதனை எதிர்த்து முறையிடற்கு உரிய மன்றமுமில்லை. அகதியாதலின் திருப்பியனுப்பவும் ஒண்ணாது. மதிப்பீட்டினால் விடுவிக்கவும் ஒண்ணாது. பிள்ளைகளுடன் தாய்மாரும் இவ்வாறு சிக்குண்டனர். அங்கேயே பிறந்த குழந்தையும் உண்டு. 2013 ஓகஸ்டில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, 46 அகதிகளின் முறையீட்டை ஆராய்ந்து, அவர் காவல் உடன்படிக்கைக்கு மாறானது என்றது. அவருட் பெரும்பாலோர் தமிழர். பின்னர் மதிப்பீடுகள் மீளாய்வு செய்யப்பட, ஒவ்வொருவராக அவர் வெளிவந்தனர். சிலர்க்கு ஐந்தாண்டுக்கு மேலாயிற்று. என்ன குற்றத்துக்காக என்பது அவர்க்கு இறுதிவரை சொல்லப்படவில்லை.

இதனிடையே, காவல் நாட்டின் எல்லைக்கப்பாலும் கொண்டுசெல்லப்பட்டது. 2001 ஓகஸ்டில் 'தம்பா' என்னும் நோர்வேக் கப்பல் மீட்ட நானூறுக்கு மேற்பட்டோர்க்குத் துறை மறுக்கப்பட்டதிலிருந்து இது தொடங்குகிறது. நவுறுத் தீவிலும், பப்புவா நியூகினியின் மானுசுத் தீவிலும் முகாம்கள் எழுந்தன. 2008இல் கைவிடப்பட்ட அம்முறை 2012இல் மீண்டும் உயிர்பெற்றது. 2014 பெப்ரவரியில் மானுசு முகாமினுள் ஈரானியக் குர்தியர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2016 ஏப்பிரலில் பப்புவா நியூகினியின் உச்ச நீதிமன்றம், அக்காவல் தன்னாட்டு அரசியலமைப்பு வழங்கும் தனிமனித சுதந்திரத்துக்கு முரணானது எனத் தீர்த்தது. செல்வமிக்க நாட்டின் நீதிமன்று காணாத எல்லையை, வறிய அயல்நாட்டின் நீதிமன்று கண்டது.

அரசுகளின் பக்கத்து வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 2001 ஒக்ரோபரில் ஒரு படகு மூழ்கியபோது இறந்தோர் 353 பேர். 2010 டிசம்பரில் கிறிசுமசுத் தீவின் பாறைகளில் மோதிய படகினாற் பலியானோர் 50 பேர். இத்தகைய பயணங்களைத் தடுத்தற்கே கடுமை வேண்டுமென்று அவ்வரசுகள் கூறின. கடலிற் சாவோரைக் காத்தல் நல்ல நோக்கமே. ஆயினும், இனி வரக்கூடிய ஒருவனை அச்சுறுத்துதற்பொருட்டு முன்னரே வந்த ஒருவனை வருத்துதல், அவனைக் கருவியாக்குவதேயாம். மேலும், அச்சுறுத்துதலே நோக்கமெனின், அக்காவல் தண்டனையன்று என்ற பழைய நியாயம் தானே வீழ்ந்துவிடுகிறது.

2023 நவம்பர் 8ஆம் நாள் உயர் நீதிமன்று தன் பழைய முடிபை மாற்றிற்று. நாட்டினின்று நீக்குதற்கு அண்மைக் காலத்தில் உண்மையான வாய்ப்பில்லாதவிடத்து, ஒருவரைத் தொடர்ந்து அடைத்து வைத்தல் தண்டனையே. அஃது அரசியலமைப்புக்கு மாறானது என நீதிபதிகள் எழுவரும் ஒருமுகமாகத் தீர்த்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் நாடற்ற ரொகிங்கியர் ஒருவர். கொடுங்குற்றமொன்றுக்குச் சிறைத்தண்டனை அனுபவித்து முடித்தவர். மக்களின் இரக்கத்துக்கு உரியரல்லாத ஒருவர் வாயிலாகவே இந்நெறி நிலைநாட்டப்பட்டமை கருதத்தக்கது. நீதிபதி விதித்த தண்டனைக்கு முடிவிருந்தது. அதன்பின் தொடங்கிய காவலுக்கே முடிவில்லாதிருந்தது. தீர்ப்பினால் ஏறக்குறைய 150 பேர் வெளிவந்தனர். அவர்மீது காற்பட்டிக் கண்காணிப்பையும் ஊரடங்கையும் விதித்த சட்டத்தை 2024 நவம்பரில் அதே நீதிமன்று தள்ளிற்று. அவர் போன்றாரை நவுறுத் தீவுக்கு அனுப்புதற்கான உடன்பாட்டை 2025ஆம் ஆண்டில் அரசு செய்துகொண்டது. ஆகவே வழக்காடல் முடிந்துவிடவில்லை. கட்டாயக் காவற் சட்டமும் நீக்கப்படவில்லை.

1992இல் ஒரு நாட்டின் பாராளுமன்றம் 273 என்னும் இலக்கத்தை எழுதியது. இரண்டாண்டில் அதனை அழித்தது. அழிந்த அவ்விடத்தில் ஓர் எல்லையை மீண்டும் வரைதற்கு முப்பதாண்டுக்கு அண்மித்த காலம் சென்றது. இடையிற் கழிந்தவை மனிதரின் இளமையும் பிள்ளைகளின் பள்ளிப்பருவமுமாம். வந்தவன் யாவன் என ஆராய்தல் அரசின் உரிமை. அவ்வாராய்ச்சிக்கு ஒரு நாள் குறித்தல் அதன் கடமை. அந்நாள் குறிக்கப்படாதவிடத்து, அடைந்தாரைக் காத்தல் என்பது அடைத்தாரைக் காத்தலாகவே முடியும்.