எடைத்தட்டிலிருந்து குருதியோட்டம் வரை: கருவளர்ச்சித் தடை பற்றிய மருத்துவப் புரிதலின் வரலாறு

முன்னுரை

இரண்டு கிலோ எடையில் ஒரு குழந்தை பிறக்கிறது. அது மாதம் முற்றாமல் பிறந்ததா, மாதம் நிறைந்தும் வயிற்றுக்குள் வளராமல் போனதா? மருத்துவம் இக்கேள்வியைத் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது 1960களில்தான். சிறிய கருவையும் வளர்ச்சி தடைபட்ட கருவையும் பிரித்தறிய எடை மட்டும் போதாது என்பதை மருத்துவ உலகம் படிப்படியாக உணர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எடையே எல்லையான காலம்

ஃபின்லாந்தைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் ஆர்வோ இல்ப்போ, 1919இல் 2500 கிராமைக் குறைமாதக் குழந்தையின் எல்லையாக வகுத்தார். உலக சுகாதார நிறுவனமும் பின்னர் அதையே ஏற்றது. ஆனால் 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தைத் தாக்கிய பஞ்சம் வேறொன்றைக் காட்டியது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக ஏறத்தாழ 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. மாதம் நிறைந்தும் எடை குறையலாம் என்பது இதனால் வெளிப்பட்டது. 1961இல் உலக சுகாதார நிறுவனம் 'குறைமாதம்' என்பதை விடுத்து, 'குறைந்த பிறப்பு எடை' என்ற சொல்லை முன்வைத்தது.

1963இல் டென்வர் நகரின் லூலா லுப்சென்கோ, கர்ப்ப வாரத்துக்கேற்ற எடை வரைபடத்தை வெளியிட்டார். அதே வாரத்தில் பிறந்த நூறு குழந்தைகளில் எடை மிகக் குறைந்த பத்துக்குள் வருவது 'வாரத்துக்குச் சிறியது' எனப்பட்டது. ஆனால் பெற்றோர் சிறிய உடல்வாகினர் என்றால், நலமான குழந்தையும் அந்தப் பத்துக்குள் அடங்கிவிடும்.

காரணத்தைத் தேடி

1960, 70களில் பிரோசென்ஸ், ராபர்ட்சன், டிக்சன் ஆகிய ஆய்வாளர்கள் கருப்பையின் சுருள் தமனிகளை ஆராய்ந்தனர். இயல்பான கர்ப்பத்தில் இத்தமனிகள் விரிந்து நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக இரத்தம் தருகின்றன. விரியாவிட்டால் கருவுக்கு ஆக்சிஜனும் ஊட்டமும் குறைகின்றன. தாயின் உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், ருபெல்லா போன்ற தொற்றுகள், குரோமோசோம் கோளாறுகள் ஆகியனவும் வளர்ச்சியைத் தடுக்கின்றன.

கண்டறியும் கருவிகள்

கர்ப்பிணியின் வயிற்றை நாடாவால் அளப்பது இன்றும் முதற்படி. 24 வாரத்துக்குப் பின் சென்டிமீட்டர் அளவு ஏறத்தாழ வாரக் கணக்கோடு ஒத்துப்போகும். கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழுவினர் 1958இல் ஸ்கேன் படங்களை வெளியிட்டபின் கருவையே அளக்க வழி பிறந்தது. 1975இல் ஸ்டூவர்ட் கேம்ப்பெல்லும் வில்கினும் கருவின் வயிற்றுச் சுற்றளவிலிருந்து எடையைக் கணித்தனர். ஊட்டம் குறைந்தால் கரு மூளைக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. கல்லீரலின் சேமிப்பு கரைவதால் தலையைவிட வயிறு முதலில் மெலிகிறது.

1977இல் டப்ளினில் ஃபிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் தொப்புள்கொடி இரத்த ஓட்டத்தை டாப்ளர் முறையில் பதிவு செய்தனர். இதயத் துடிப்புகளுக்கு இடையே ஓட்டம் நின்றாலோ பின்னோக்கிச் சென்றாலோ கரு ஆபத்தில் இருக்கிறது. 2016இல் வல்லுநர்கள் உருவாக்கிய வரையறையில், மிகக் கடுமையான எடைக்குறைவு தனியாகவே வளர்ச்சித் தடையைக் குறிக்கும். மிதமான குறைவுக்கு டாப்ளர் மாற்றமோ வளர்ச்சி வேகக் குறைவோ துணைச் சான்றாக வேண்டும்.

எப்போது பிரசவம்?

கருவை வயிற்றுக்குள்ளேயே வளரவைக்கும் மருந்து இன்னும் இல்லை. நம்பிக்கையூட்டிய சில்டெனாஃபில் மருந்தின் ஆய்வு, பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டதால் 2018இல் நெதர்லாந்தில் நிறுத்தப்பட்டது. எனவே பிரசவ நேரத்தைத் தேர்வதே சிகிச்சையின் மையம். 2003இல் வெளியான 'கிரிட்' ஆய்வில், பிரசவத்தைத் தள்ளிப்போடுவதோடு ஒப்பிட, உடனடிப் பிரசவம் வயிற்றுக்குள் நேரும் இறப்பைக் குறைத்தது, பிறந்தபின் நேரும் இறப்பைக் கூட்டியது, மொத்தத்தில் வேறுபாடில்லை. முன்கூட்டியே பிரசவம் தேவைப்பட்டால் கருவின் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. 1972இல் லிக்கின்ஸும் ஹோவியும் நியூசிலாந்தில் அளித்த கொடை இது.

முடிவுரை

எடைக் குறைவின் நிழல் பிரசவத்தோடு நீங்குவதில்லை. பிறப்பு எடை குறைந்தவர்களிடையே இதய நோய் இறப்பு மிகுவதை டேவிட் பார்க்கர் 1989இல் இங்கிலாந்தின் பழைய பிறப்புப் பதிவேடுகளிலிருந்து காட்டினார். ஸ்கேன் எட்டாத ஊரிலும் வாரக் கணக்கைச் சரியாகக் குறித்து, ஒவ்வொரு வருகையிலும் வயிற்றை அளந்து எழுதும் செவிலியின் பதிவே வளர்ச்சி நின்றதை முதலில் சொல்லும். நூறாண்டு அறிவின் பயன் அந்தப் பதிவைத் தவறாமல் எழுதுவதில் தொடங்குகிறது.