குனியக் கற்றுக்கொடுத்தது எந்தப் பட்டறை?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாடகப் பயிற்சிப் பட்டறைக்குப் போனேன். பத்து நாள், முப்பது பேர். முதல் நாள் காலையில் பயிற்சியாளர் எங்களை ஒரு வெறும் கூடத்தில் நிறுத்தினார். “நடிகன் உடம்பு எழுதாத சிலேட்டு மாதிரி இருக்கணும். எல்லாத்தையும் அழிச்சிட்டு சும்மா நடங்க” என்றார். நடந்தோம். கொஞ்ச நேரத்தில் என்னை மட்டும் நிறுத்தினார். “நீ ஏன் செவரு ஓரமாவே போற? எதிர்ல ஆளு வந்தா நீதான் ஒதுங்குற. தோளத் தூக்கு. மொகத்தப் பாத்து நட” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. என் உடம்பில் இருந்ததைச் சரியாகத்தான் பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு நானே கேட்டுக்கொண்டேன். ஊர்த் தெருவுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கணும். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விடணும். தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போகணும். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளணும். ஆண்டை எதிரே வந்தால் ஓரம் கட்டி, பார்வையைத் தரையில் போட்டு, பேசும்போது வாயைக் கையால் மறைக்கணும். இதையெல்லாம் யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. அப்பாவின் விரலைப் பிடித்து நடந்தபோதே ஒட்டிக்கொண்டது. தினமும் ஒத்திகை, பிசகினால் அடி. இதைவிடக் கண்டிப்பான பயிற்சிப் பள்ளி உலகத்தில் எங்கே இருக்கிறது?

நடிகனின் உடம்பு எழுதாத சிலேட்டு அல்ல. சாதி ஏற்கெனவே எழுதி வைத்த சிலேட்டு அது. நடிகர் பயிற்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த முதல் பள்ளியை விட்டுவிட்டே எழுதி வந்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கி அந்த வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரை.

நடைக்கும் மேல் கீழ் உண்டு

பரதரின் நாட்டிய சாத்திரத்தை இந்திய அரங்கின் மூல நூல் என்கிறார்கள். நடிகன் மேடையில் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கே அதில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. பாத்திரங்களை உத்தமர், மத்திமர், அதமர் என்று மூன்றாகப் பிரிக்கிறது. தேவர்களும் அரசர்களும் நடக்கும்போது இரண்டு பாதங்களுக்கும் நடுவே நான்கு தாலம் இடைவெளி. நடுத்தரத்தாருக்கு இரண்டு. பெண்களுக்கும் கீழோருக்கும் ஒன்று. நேரத்துக்கும் இதே கணக்கு: உயர்ந்தவன் ஓர் அடி வைக்க நான்கு கலை நேரம் எடுத்துக்கொள்ளலாம், தாழ்ந்தவனுக்கு ஒரு கலைதான். இடத்தையும் காலத்தையும் பிறப்புப்படி பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெரியவன் அகலக் கால் வைத்து மெல்ல நடப்பான். சின்னவன் காலை ஒடுக்கி ஓட்டமாக ஓடுவான். எங்கள் ஊர்த் தெருவில் நான் பார்த்த அதே இலக்கணம்! சாத்திரத்தைப் பார்த்து ஊர் நடந்ததா, ஊரைப் பார்த்துச் சாத்திரம் எழுதினார்களா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அந்த நூலின் கடைசியில் ஒரு கதை வருகிறது. பரதரின் பிள்ளைகள் முனிவர்களைக் கிண்டல் செய்து நடித்துவிடுகிறார்கள். முனிவர்கள் கோபம் கொண்டு, ‘நீங்கள் சூத்திரர்களாகப் போங்கள்’ என்று சபிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். மேலே இருப்பவனின் நடையை நடித்துக் காட்டினால் சாதியை விட்டுத் தள்ளுவது தண்டனை. நடிப்புக்கு என்ன வலிமை உண்டு என்பது முனிவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ராத்திரி துரியோதனன்

தமிழ்நாட்டில் நடிகர் பயிற்சி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாய்ஸ் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபையைத் தொடங்கினார். பையன்கள் கம்பெனியிலேயே தங்கி, பாட்டும் வசனமும் நெட்டுருப் போட்டு, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று தயாரானார்கள். அங்கே கற்ற டி.கே.எஸ். சகோதரர்களில் சண்முகம் அதைத் தன் வரலாற்று நூலாகவே எழுதி வைத்தார். அதனால் அந்த வரலாறு நமக்குக் கிடைத்தது. சேரிக் கூத்து வாத்தியார்களுக்கு எழுதி வைக்க யார் இருந்தார்கள்?

என் பெரியப்பா கூத்தாடி. வடமாவட்டங்களில் வன்னியர், வண்ணார் என்று பல சாதியாரும் கூத்து ஆடுகிறார்கள். பறையர் ஜமாக்களும் உண்டு. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் ஊரார் கட்டும் கூத்தை நாங்கள் தள்ளி நின்று பார்ப்போம். எங்கள் சேரியில் எங்கள் ஜமா ஆடும். பெரியப்பாவுக்கு அதில் துரியோதனன் வேஷம்.

அவருக்கு யாரும் பட்டறை நடத்தவில்லை. பத்து வயதில் ஜமாவோடு கிளம்பினார். மூட்டை தூக்கினார், திரை பிடித்தார், பின்பாட்டுப் பாடினார், சின்னச் சின்ன வேஷம் கட்டினார். கண்ணும் காதும்தான் பள்ளிக்கூடம். கட்டை வேஷம் லேசான காரியம் இல்லை. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் தலையிலும் தோளிலும் ஏறும். இடுப்பில் வைக்கோல் பிரி சுற்றி அதன் மேல் பாவாடை. காலில் சலங்கை. இத்தனையும் கட்டிக்கொண்டு, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னே அடவு போட்டுத் தன்னைத் தானே பாடி அறிமுகப்படுத்தி, திரை விலகியதும் சுழன்று ஆட வேண்டும். மைக் இல்லாத காலத்தில் கடைசி ஆளுக்குக் குரல் எட்ட வேண்டும். விடிய விடிய நிற்க வேண்டும். மூச்சை எங்கே எடுப்பது, எடையை எந்தக் காலில் போடுவது, கிரீடம் ஆடாமல் கழுத்தை எப்படித் திருப்புவது என்று அவர் அறிந்ததை நான் பிறகு எந்த வகுப்பிலும் அந்த அளவுக்குக் கற்கவில்லை.

பதினெட்டாம் போர் ஆடிய ஒரு விடியற்காலை மறக்கவே முடியாது. ராத்திரி முழுக்க அகலக் கால் வைத்து நின்ற மனுசன், அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு நேராக ஆண்டை வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். காது மடலில் சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது. ஆண்டையின் மகனுக்கு என் வயதுதான் இருக்கும். அவரைப் பேர் சொல்லி, “டேய், மாட்டக் கட்டிட்டுப் போடா” என்றான். பெரியப்பா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “செரிங்க சாமி” என்றார். முதுகு வளைந்தது. ராத்திரியில் இருந்த உயரத்தில் பாதிதான் இருந்தார். எது வேஷம், எது ஆள் என்று அன்றைக்கு எனக்குக் குழம்பிப்போனது. நடிப்புப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

1977க்குப் பிறகு

நவீன நாடகம் தமிழில் உடம்பைக் கண்டுபிடித்தது எழுபதுகளின் இறுதியில் என்பார்கள். 1977இல் தேசிய நாடகப் பள்ளி காந்திகிராமத்தில் நீண்ட பட்டறை ஒன்றை நடத்தியது. அதே ஆண்டு ந. முத்துசாமி முன்னின்று சென்னையில் கூத்துப்பட்டறை உருவானது. 1980இல் வங்கத்திலிருந்து பாதல் சர்க்கார் சோழமண்டலம் கலைக் கிராமத்துக்கு வந்து பட்டறை நடத்தினார். மேடை, விளக்கு, ஒப்பனை எதுவும் வேண்டாம், நடிகன் உடம்பும் பார்ப்பவன் கண்ணும் போதும் என்பது அவருடைய மூன்றாம் அரங்கு. காசில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய திறப்பு. வசனத்தை ஒப்பித்துக்கொண்டிருந்த சபா நாடகத்துக்கு எதிராக உடம்பை முன்னுக்குக் கொண்டுவந்தது இவர்கள் செய்த வேலை. அதை மறுப்பது நன்றி கெட்டதனம்.

ஆனால் கூத்தையும் சிலம்பத்தையும் களரியையும் தேவராட்டத்தையும் பறையையும் பட்டறைக்குள் கொண்டுவந்தபோது ஒன்று நடந்தது. அசைவு மட்டும் உள்ளே வந்தது, அசைந்த ஆள் வெளியே நின்றான். புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற சிலரை ஆசானாக அழைத்து மரியாதை செய்தார்கள். உண்மைதான். பறை விஷயத்தில் பல இடங்களில் அப்படி நடக்கவில்லை. பறையடிப்பவர் ஒரு நாள் வருவார், அடித்துக் காட்டுவார், படி வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் அது ‘தாளப் பயிற்சி’ என்று பேர் மாறிவிடும்.

கீழே வைத்த பறை

நான் போன பட்டறையில் நான்காம் நாள் பறை வந்தது. வைக்கோலைக் கொளுத்தி யார் காய்ச்சுவது என்ற கேள்வி எழுந்தபோது எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. காய்ச்சினேன். இடது தோளில் மாட்டி, இடது கையில் சிண்டுகுச்சியும் வலது கையில் அடிகுச்சியும் பிடித்து அடித்துக் காட்டினேன். கை தட்டினார்கள். ‘உனக்கு ரத்தத்துலயே இருக்கு’ என்றார் ஒருவர். பாராட்டாகத்தான் சொன்னார். அதற்கு மூன்று நாள் முன்பு வரை அதே ரத்தத்தில் சுவர் ஓரமாக ஒதுங்குவதும் இருந்தது. அதை மட்டும் அழிக்கச் சொன்னார்களே!

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். எங்கள் சேரியில் எண்பதுகளிலேயே சாவுக்குப் பறையடிப்பதில்லை என்று கூடி முடிவெடுத்திருந்தார்கள். அதற்காக ஒரு பருவம் முழுக்க யாருக்கும் கழனி வேலை கொடுக்கவில்லை. அப்பா கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, “நாங்க வாணாம்னு கீழ வச்சத நீ அங்க போயி தூக்கிக்கினு நிக்கிறியா? அதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?” என்றார். நான், “இல்லப்பா, இது கலை” என்றேன். “கலன்னா அவுங்க பசங்கள எழவு ஊட்ல அடிக்கச் சொல்லு” என்றார்.

இதற்குப் பதில் எனக்கு இன்றும் முழுதாகத் தெரியாது. பறையை உடைத்துப் போட்டது விடுதலை. அதே பறையைப் போராட்ட மேடையில் கையில் எடுத்ததும் விடுதலை. இரண்டும் நம் வரலாறுதான். இரண்டையும் அறியாதவர்கள் அதை வெறும் தாளமாக எடுத்துக்கொள்வதுதான் பிரச்சனை. அப்பாவிடம் நான் கற்றது ஒன்று உண்டு. பறையாட்டத்தில் முட்டி மடக்கி உடம்பைத் தாழ்த்தி ஆடும் அடவுகள் இருக்கின்றன. ஆனால் பார்வை எதிரே இருக்கும், மூச்சு வயிற்றில் இருக்கும், அடுத்த அடியில் எழும்பத் தயாராகக் கால் இருக்கும். அது அடவுக் குனிவு. கக்கத்தில் துண்டோடு நிற்பது கும்பிடுக் குனிவு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். ஆடுகிறவனின் முதுகெலும்புக்கு வித்தியாசம் தெரியும்.

ஆண்டை நடை, ஆள் நடை

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970களில் ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ பற்றி எழுதினார். செய்கிற வேலையும் சமூகத்தில் இருக்கிற இடமும் மனிதனின் தசைகளை ஒரு வார்ப்பில் இறுக்கி விடுகின்றன, அந்த இறுக்கத்தை அறிந்து அவிழ்ப்பதுதான் முதல் பயிற்சி என்றார். சாதியைப் பார்த்திராத மனிதர் நம் சேதியைச் சொல்லியிருக்கிறார். இங்கே கே.ஏ. குணசேகரன் பாட்டும் பறையும் கரகமும் தெரிந்த தன் உடம்போடு நாடகத்துக்குள் வந்தார். அவருடைய ‘பலி ஆடுகள்’ தமிழின் முதல் தலித் நாடகம் என்று பலராலும் சொல்லப்படுகிறது. 2016இல் அவர் மறைந்தபோது நமக்கு ஓர் ஆசிரியர் போனார். திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழு பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. பெண் தோளில் பறை ஏறியபோது சாதி எழுதியதோடு, ஆண் எழுதியதும் சேர்ந்து அழிந்தது.

நாங்கள் சில தோழர்கள் சேர்ந்து பிறகு ஒரு சின்னக் குழு நடத்தினோம். அதில் ஒரு பயிற்சி வைத்தோம். ஒருவர் ஆண்டையாக நடக்கணும், ஒருவர் ஆளாக நடக்கணும், பிறகு மாற்றிக்கொள்ளணும். சேரிப் பையன்கள் ஆண்டை நடையை முதல் தடவையிலேயே பிடித்துவிட்டார்கள். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடிப்பது, நிற்காமலே பதில் கேட்பது, துப்புவது, ஒன்று விடவில்லை. பிறந்ததிலிருந்து அவர்களைக் கவனித்தே உயிர் பிழைத்தவர்கள் அல்லவா! எங்களோடு இருந்த மேல்சாதித் தோழர் ஒருவருக்கு ஆள் நடை கடைசிவரை வரவில்லை. கழுத்தை மட்டும் வளைத்தார். பயம் முதலில் முட்டியில் வரும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் நேர்மையானவர். “என் உடம்புக்கும் யாரோ கத்துக்கொடுத்திருக்காங்க, இத்தினி நாள் அது தெரியல” என்றார். மேல்சாதி உடம்பையும் சாதிதான் பழக்கியிருக்கிறது. எந்தப் பட்டறையும் அதை அழிக்கச் சொல்வதில்லை. அதற்கு ‘இயல்பான நடை’ என்று பேர்.

ஒரு சேரியில் இந்தக் காட்சியை ஒத்திகை பார்த்தபோது வேடிக்கை பார்த்த ஒரு ஆயா எழுந்து கேட்டார்: “குனியறதத்தான் தெனம் பாக்குறமே, அத எதுக்குப்பா கூட்டம் போட்டுக் காட்டுற?” எங்களிடம் பதில் இல்லை. நம் கஷ்டத்தை நாமே காட்சிக்கு வைத்து அழ வைப்பதோடு பல தலித் நாடகங்கள் நின்றுவிடுகின்றன. அன்றைக்கு நாடகத்தை மாற்றினோம். ஆயாவையே கூப்பிட்டு, “நீங்க எப்பிடி நடப்பீங்க?” என்று கேட்டோம். அவர் ஒரு பையனின் செருப்பை வாங்கிக் காலில் போட்டுக்கொண்டு, வட்டத்தின் நடுவில் நிதானமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். வசனம் கிடையாது. கூட்டம் சத்தமில்லாமல் இருந்தது. அவர் திரும்பி வந்து, “செருப்பு பெருசு” என்று சொல்லி உட்கார்ந்தார்.

இன்றைக்குக் கல்லூரிக்குக் கல்லூரி நாடகப் பட்டறை நடக்கிறது. பறை வகுப்புக்கு ஆள் சேருகிறது. நல்லதுதான். நாடகம் கற்றுத்தரும் தோழர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. முதல் நாள் யாரையும் அழிக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரின் நடையும் எந்தத் தெருவில் கற்றது என்று கேளுங்கள். ஒதுங்கி நடப்பவனிடம் கேட்பதைப் போலவே, யாருக்கும் ஒதுங்காமல் நடப்பவனிடமும் கேளுங்கள். கேட்ட பிறகு பயிற்சியைத் தொடங்குங்கள்.