எரிந்த மன்றமும் எழுந்த கோபுரங்களும்

1834 அக்டோபர் 16. லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை. பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலைகளில் காலையிலிருந்தே மரக்குச்சிகள் எரிந்துகொண்டிருந்தன. அரசுக் கருவூலம் பல நூற்றாண்டுகளாக வரவு செலவைக் குறித்துவைத்தது இத்தகைய குச்சிகளில்தான். குச்சியில் வெட்டுகள் போட்டு இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வார்கள். அந்த முறை 1826-ல் ஒழிந்துபோனதால், மிச்சமிருந்த இரண்டு வண்டிக் குச்சிகளைத் தீர்த்துக்கட்ட உத்தரவாகியிருந்தது. புகைபோக்கி தாங்கவில்லை. மாலையில் தீ வெளியே தெரிந்தது. இரவுக்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பெரும்பகுதி சாம்பலானது.

நதிக்கரையில் கூட்டம் திரண்டது. ஓவியர் டர்னர் அந்தக் காட்சியை இரண்டு எண்ணெய் ஓவியங்களாகத் தீட்டினார். வேடிக்கை பார்த்தவர்களில் 22 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். பெயர் அகஸ்டஸ் பியூஜின். அவருக்கு வருத்தமே இல்லை. பழைய அரண்மனையில் அண்மைக் காலக் கட்டடக் கலைஞர்கள் சுண்ணச்சாந்து பூசி ஒட்டவைத்த போலி வேலைப்பாடுகள் எரிந்துபோனதில் மகிழ்ச்சிதான். 1097-ல் எழுப்பப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் தப்பிவிட்டது என்பது அவருக்கு இன்னொரு மகிழ்ச்சி.

அதுவரை கிரேக்கத் தூண்களும் ரோமானியக் குவிமாடங்களும் ஐரோப்பிய, அமெரிக்கத் தலைநகரங்களை ஆண்டன. அந்த ஆட்சியை லண்டனில் அசைத்தது இந்தத் தீ. புதிய கட்டடத்துக்கு 1835-ல் போட்டி அறிவித்த நாடாளுமன்றக் குழு, பாணி கூர்வளைவுகள் கொண்ட இடைக்காலக் கோதிக்காகவோ எலிசபெத் காலத்ததாகவோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அருகிலேயே கோதிக் ஆலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபே நிற்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் அரசியல். வாஷிங்டனில் குடியரசு தனக்குச் செவ்வியல் மாளிகை எழுப்பியிருந்தது. பாரிஸில் நெப்போலியன் ரோமாபுரி வளைவுகளை நிறுத்தியிருந்தார். தங்கள் மன்றத்தின் வேர் இடைக்கால இங்கிலாந்தில் இருக்கிறது என்று உலகுக்குச் சொல்ல விரும்பியவர்கள், கூர்வளைவு ஜன்னல்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதற்கு முன்னும் கோதிக்கை மீட்க முயன்றவர்கள் உண்டு. 1749 முதல் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஸ்ட்ராபெரி ஹில்லில் தன் வீட்டைக் கோட்டைபோல் மாற்றினார். அங்கே சில விதானங்களின் வேலைப்பாடு காகிதக்கூழால் ஆனது. அழகுதான், ஆனால் அது ஒரு செல்வந்தரின் விளையாட்டு. பியூஜினுக்கோ அது விசுவாசம்.

பிரான்ஸிலிருந்து குடிபெயர்ந்த அவருடைய தந்தை, இடைக்காலக் கட்டடங்களை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்தவர். மகன் அந்தக் கோடுகளோடே வளர்ந்தார். 1835-ல் கத்தோலிக்கரானார். அடுத்த ஆண்டு வெளியிட்ட ‘கான்ட்ராஸ்ட்ஸ்’ நூலில் இடைக்காலக் கட்டடத்தையும் தன் காலத்துக் கட்டடத்தையும் எதிரெதிரே வரைந்து காட்டி, இதில் எது மனிதர்களுக்கான ஊர் என்று வாசகரையே தீர்ப்புச் சொல்ல வைத்தார். 1841-ல் வந்த இன்னொரு நூலில் அவர் வகுத்த விதி இன்றும் கூர்மையாக இருக்கிறது: கட்டடத்துக்குத் தேவையில்லாத உறுப்பு எதுவும் கூடாது, அலங்காரம் என்பது கட்டுமானத்தை மெருகூட்டவே. பழமையை மீட்க வந்த ஒருவர் எழுதிய இந்த விதி, பழமையைத் துறந்த இருபதாம் நூற்றாண்டின் நவீனர்களுக்கும் வழிகாட்டியது.

போட்டிக்கு 97 பேர் வரைபடம் அனுப்பினார்கள். வென்றவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரி. இத்தாலிய அரண்மனைப் பாணியில் கைதேர்ந்தவர் அவர். கோதிக் நுணுக்கங்களுக்கு அவர் நாடியது பியூஜினை. தேம்ஸைப் பார்த்து நிற்கும் சுமார் 266 மீட்டர் நீள முகப்பைக் கவனித்தால் இந்தக் கூட்டு புரியும். அமைப்பு சமச்சீரானது, ஒழுங்கானது, செவ்வியல் மனத்தில் பிறந்தது. அதன் மேல் படர்ந்த செதுக்கு வேலை முழுவதும் இடைக்காலம். பியூஜினுக்கே இந்தக் கலப்பு மனநிறைவு தரவில்லை. இருந்தும் சுவர்த்தாள், தரை ஓடு, கதவுப்பிடி, மைக்கூடு என்று உள்ளே கண்ணில் படும் எல்லாவற்றையும் அவர் வரைந்து தள்ளினார். ஓடுகளை ஸ்டோக் நகரின் மின்டன் ஆலை சுட்டது. உலோக வேலையை பர்மிங்ஹாமில் ஹார்ட்மன் பட்டறை செய்தது. கூரை வார்ப்பிரும்புத் தகடுகளால் ஆனது. இடைக்காலத் தோற்றத்தைத் தந்தது தொழிற்புரட்சி என்பதுதான் இந்தக் கட்டடத்தின் உண்மையான பெருமை.

ஆறு ஆண்டுகளில், சுமார் 7 லட்சத்து 25 ஆயிரம் பவுண்டில் முடியும் என்று பாரி கணக்குக் கொடுத்தார். 1840-ல் தொடங்கிய வேலை கால் நூற்றாண்டுக்கு மேல் இழுத்தது. செலவு 20 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அதற்குள் பியூஜின் உழைத்தே ஓய்ந்துபோனார். இன்று உலகம் பிக் பென் என்று அழைக்கும் மணிக்கூண்டுதான் பாரிக்காக அவர் வரைந்த கடைசி வேலை. மனநிலை குலைந்து மருத்துவமனையில் கிடந்தவர், 1852 செப்டம்பரில் 40 வயதில் இறந்தார். மணிக்கூண்டு முடிந்தது 1859-ல். மறு ஆண்டே பாரியும் மறைந்தார். பிறகு இந்தக் கட்டடம் யாருடையது என்று இருவரின் மகன்களும் அச்சில் மோதிக்கொண்டார்கள். திட்டம் பாரியுடையது, ஆனால் உள்ளே நுழைபவரை நின்று பார்க்க வைக்கும் அழகு பியூஜினுடையது. அவர் உயிரோடிருந்தபோதே அதை உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

கோதிக் தங்கள் சொத்து என்று நினைத்தது ஆங்கிலேயர் மட்டுமல்ல. 1772-ல் இளம் ஜெர்மன் எழுத்தாளர் கோதே, ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தைப் பார்த்து இது ஜெர்மன் கலை என்று எழுதினார். ஜெர்மனியின் கொலோன் நகரில் 1248-ல் தொடங்கிய பேராலயம் பதினாறாம் நூற்றாண்டில் பாதியில் நின்றுபோய், தெற்குக் கோபுரத்தின் மொட்டைத் தலையில் பாரந்தூக்கி ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நின்றிருந்தது. முகப்பின் இடைக்கால வரைபடத்தில் ஒரு பாதி 1814-ல் டார்ம்ஸ்டாட்டிலும், மறுபாதி 1816-ல் பாரிஸிலும் கிடைத்தன. 1842-ல் பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரெடரிக் வில்லியம், தான் புராட்டஸ்டன்டாக இருந்தும், கத்தோலிக்கப் பேராலயத்தை முடிக்க அடிக்கல் நாட்டினார். 1880-ல் 157 மீட்டர் உயரக் கோபுரங்களோடு முடிந்தபோது, உலகின் மிக உயரமான கட்டடம் அதுதான். கூரையைத் தாங்குவது இரும்புச் சட்டம். ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் உரிமை கொண்டாடிய கோதிக் முதலில் உருப்பெற்றதோ 1144-ல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் டெனிஸ் ஆலயத்தில், பாரிஸுக்குப் பக்கத்தில்.

பிரான்ஸில் விக்டர் ஹ்யூகோ 1831-ல் எழுதிய நாவல், பாழடைந்து கிடந்த நோத்ர் தாம் பேராலயத்தின் மேல் மக்கள் கண்ணைத் திருப்பியது. 1844-ல் சீரமைப்புப் பொறுப்பு கட்டடக் கலைஞர்கள் லாஸ்ஸு, வியோலே லெ டுக் இருவரிடமும் வந்தது. வியோலே லெ டுக் பழையதைப் பழுதுபார்ப்பதோடு நிற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் கழற்றப்பட்ட ஊசிக்கோபுரத்தின் இடத்தில், தான் வரைந்த இன்னும் உயரமான ஒன்றை 1859-ல் நிறுத்தினார். வரலாற்றைத் திருத்துகிறார் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அதில் நியாயமும் உண்டு.

வெஸ்ட்மின்ஸ்டரின் மக்களவை மண்டபம் 1941 மே மாதம் ஜெர்மன் குண்டில் அழிந்தபோது, அதை எதிரெதிர் இருக்கைகளோடு முன்பிருந்தபடியே கட்ட வேண்டும் என்று பிரதமர் சர்ச்சில் வாதாடினார். கட்டடக் கலைஞர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் எளிமைப்படுத்திய கோதிக்கில் அதை எழுப்ப, 1950-ல் மன்றம் கூடியது. நோத்ர் தாமின் ஊசிக்கோபுரம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்து விழுந்தபோதும், முன்பிருந்தபடியே கட்டுவதா, புதிதாகக் கட்டுவதா என்ற கேள்வி வந்தது. புதிய காலத்துக்கு ஏற்ற கோபுரம் வேண்டும் என்று பலர் கேட்டார்கள். பிரான்ஸ் தேர்ந்தெடுத்தது, வியோலே லெ டுக் வரைந்த அதே வடிவத்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அந்தக் கற்பனையை ஓக் மரத்திலும் ஈயத் தகட்டிலும் தச்சர்கள் மறுபடி செய்து முடிக்க, 2024 டிசம்பரில் பேராலயம் திறந்தது.