மீன்தொட்டி அழுக்கின் வரலாறு

பழைய மீன்தொட்டியை மீனோடு சேர்த்து வாங்குகிறவர்கள், பழைய தண்ணீரைக் கேன் கேனாகப் பிடித்துப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். வந்ததும் முதல் வேலையாக, பழுப்பேறிய கூழாங்கற்களையும் பில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவுவார்கள். தொட்டி பளிச்சென்று இருக்கும். சில நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும். பழி விற்றவர் தலையில் விழும். உண்மையில், காப்பாற்ற வேண்டியதைக் கழுவிவிட்டு, பாதியைக் கொட்டினாலும் குற்றமில்லாததைச் சுமந்துவந்ததன் விளைவு அது. இது இன்றைய அவசரக்காரர்களின் தவறு மட்டுமன்று. வீட்டு மீன்தொட்டி பிறந்த காலத்திலேயே அதை வளர்த்தவர்களுக்கு விளங்காமல் போன விஷயம் இதுதான்.

1846இல் ஆனா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி, டார்க்கீ கடற்கரையில் கிடைத்த சிறு பவள உயிரிகளை லண்டனுக்குக் கொண்டுபோக விரும்பினார். வழியில் அவை முட்டி மோதாமலிருக்க ஊசிநூலால் ஒரு கடற்பஞ்சில் வைத்துத் தைத்து, கடல்நீர்ச் சாடியில் இட்டு எடுத்துச்சென்றார். லண்டனில் நினைத்தபோது கடல்நீர் கிடைக்காது. அதனால் இருந்த நீரையே திறந்த ஜன்னலருகே டீ ஆற்றுவதுபோல் பாத்திரம் மாற்றி ஊற்றவைத்தார். பிறகு கடற்பாசியும் சேர்த்தார். பவளங்கள் பிழைத்தன. 1849இல் அதே நகரத்தில் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் ஒரே தொட்டியில் வைத்தார். இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்ன, நீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்று 1850இல் கட்டுரை எழுதினார். மீன்தொட்டி என்பது கண்ணாடிப் பெட்டியல்ல, ஒரு சமநிலை என்ற எண்ணம் வேரூன்றியது அப்போதுதான்.

அந்தச் சமநிலையை அவர்கள் காற்றின் கணக்காக மட்டுமே படித்தார்கள். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுக்கும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுக்கும், கணக்கு முடிந்தது. இந்த நம்பிக்கை பரவக் காலமும் துணைநின்றது. இங்கிலாந்தில் 1845இல் கண்ணாடி வரி நீங்கியிருந்தது. கடலோரத்து உயிர்கள் ரயிலில் லண்டனுக்கு வந்தன. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறந்தது. அடுத்த ஆண்டே இயற்கையியலர் ஃபிலிப் ஹென்றி காஸ் மீன்தொட்டி பற்றி எழுதிய நூல் வெளிவந்து, நடுத்தர வர்க்க வீடுகளில் தொட்டி ஒரு மோகமாயிற்று. 1860களில் அந்த மோகம் வடிந்தது. நாகரிகம் மாறியது என்று மட்டும் அதற்குக் காரணம் சொல்வது போதாது. சமநிலை என்ற சொல்லை நம்பி நெருக்கமாக மீன் விட்டவர்கள், அது ஏன் திடீரென்று குலைகிறது என்று அறிய வழியில்லாமல் இருந்தார்கள். மீன்தொட்டி வியாபாரியாக இருந்து மீன் காட்சிச்சாலை வல்லுநரான வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் மட்டும் அனுபவத்தால் பதிலை நெருங்கினார். பழைய கடல்நீரைக் கொட்டாமல், பெரிய தேக்கத்தின் வழியே சுழலவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். ஏன் அது பலித்தது என்பதற்கு அவரிடமும் முழு விளக்கம் இல்லை.

விடை வந்தது மீன்தொட்டியிலிருந்து அல்ல, சாக்கடையிலிருந்து. 1877இல் பிரான்ஸில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் கழிவுநீரைச் சொட்டவிட்டார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் அம்மோனியா அப்படியே வெளியேறியது. பிறகு அது நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றியதும் மறுபடி தொடங்கியது. வேலை செய்வது மணல் அல்ல, மணலில் ஒட்டிய உயிர் என்று இதனால் தெரிந்தது. 1890இல் நுண்ணுயிரியலர் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைக் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை இவையே. இவை பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை. கல்லிலும் ஸ்பாஞ்சிலும் படலமாக ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை நிலைகொள்ளச் சில வாரங்கள் ஆகும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அந்த உழைப்பைக் கெடுத்துவிடக்கூடும்.

இதெல்லாம் தெரியாமலே சீனர்கள் பல நூற்றாண்டுகள் தங்கமீன் வளர்க்கவில்லையா என்று கேட்கலாம். வளர்த்தார்கள், குளத்திலும் அகன்ற சாடியிலும், மீன் எண்ணிக்கையைக் குறைத்து, நீரை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். வாரிங்டனின் செடிக்கும் மதிப்பு உண்டு. செடிகளும் அம்மோனியாவை உறிஞ்சும், இரண்டு மீனுக்கு அது தாராளம். கைமாறி வரும் தொட்டி அப்படிப்பட்டதல்ல: மீன் அதிகம், இடம் குறைவு. கழுவாத கல்லோடு நோயும் வருமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் அந்த நோய் இருந்தால், கூடவே வாங்குகிற மீன்களிலும் அது இருக்கும். கல்லை மட்டும் கழுவி அதைத் தடுக்க முடியாது. முந்தைய மீன்கள் நோயில் செத்த தொட்டி என்றால் அதை மீனோடு வாங்கவே கூடாது.

மீனைச் சுமப்பது இன்று பெரிய வித்தையல்ல. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பாலிதீன் பையில் கொஞ்சம் தண்ணீரும் மீதி ஆக்சிஜனுமாக அடைத்து ரப்பர் பேண்ட் போட்டுத் தருகிறார்கள். முந்தைய நாள் இரை போடாமலிருந்தால் பைக்குள் கழிவும் குறையும். கவனம் தேவைப்படுவது ஸ்பாஞ்சுக்கும் கல்லுக்கும்தான். சேறு போக அவற்றைப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே ஒருமுறை அலசுங்கள், காயவிடாதீர்கள், அன்றைக்கே தொட்டியில் போட்டு பில்டரை ஓடவிடுங்கள். முதல் சில வாரங்கள் இரையைக் குறைத்துப் போடுங்கள். விற்பவர் தொட்டியை நன்றாகக் கழுவித் தருகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.