வெல்லெஸ்லி குலமுறை

கல்கத்தாவிலுள்ள ஆளுநர் மாளிகையைக் கண்டு வியவாத நம்மவர் இலர். 1799 முதல் 1803 வரை அதனைக் கட்டுவித்தவர் கவர்னர் ஜெனரல் ரிச்சர்டு வெல்லெஸ்லி. 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு, இவருடைய தம்பி ஆர்தர். இருவரையும் இங்கிலாந்து நாட்டார் என்றே எண்ணுகிறோம். அவர்களோ அயர்லாந்தில் பிறந்தவர்கள்; அங்கே குடியேறி நிலமும் பட்டமும் பெற்ற ஆங்கிலக் குடியின் வழிவந்தோர்.

அவர்களுடைய பாட்டனாரின் பெயர் ரிச்சர்டு கோலி. மீத் மாவட்டத்து டாங்கன் பண்ணையின் உடைமையாளரான உறவினர் காரெட் வெஸ்லி 1728-இல் மகப்பேறின்றி இறக்கவே, சொத்து கோலிக்கு வந்தது. சொத்துடன் வெஸ்லி என்னும் பெயரையும் அவர் ஏற்றார். 1746-இல் மார்னிங்டன் பிரபுவானார். ஆகவே, உலகறிந்த அப்பெயர் தந்தைவழி வந்ததன்று. பின்னர் பேரர்கள் அதனைப் பழைய வடிவில் 'வெல்லெஸ்லி' என்று எழுதலாயினர்.

கோலியின் மகன் காரெட், டப்ளின் டிரினிடி கல்லூரியின் முதல் இசைப் பேராசிரியர். 1781-இல் அவர் கடனை வைத்து மறைந்தார். அவருடைய புதல்வருள் ரிச்சர்டு, வில்லியம், ஆர்தர், ஹென்றி ஆகிய நால்வரும் பிற்காலத்தில் பிரபுக்கள் சபையில் அமர்ந்தனர்.

நம் தஞ்சைக்கும் இக்குடும்பத்தின் கதையில் இடமுண்டு. சரபோஜி மன்னர், துளஜா மன்னரின் சுவீகார புத்திரர். அச்சுவீகாரம் செல்லுமா என்று பல ஆண்டுகள் வழக்காடிய பின், கம்பெனியார் 1798-இல் அவரை அரியணை ஏற்றினர். மறு ஆண்டே ரிச்சர்டு வெல்லெஸ்லியின் ஆட்சியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டு, நாட்டின் நிருவாகம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. உறவினரின் சொத்தும் பெயரும் பெற்று உயர்ந்த குலத்தவர், சுவீகாரத்தால் அரசுரிமை பெற்றவரின் நாட்டை வாங்கிக்கொண்டனர்!

ரிச்சர்டுக்கும் ஒரு குறை நேர்ந்தது. அவருடைய மக்கள் ஐவரும், 1794-இல் அவர் தம் துணைவியை முறைப்படி மணப்பதற்கு முன்பே பிறந்தவர்கள். சட்டம் அவர்களுக்குப் பட்ட உரிமை அளிக்கவில்லை. 1842-இல் அவர் இறந்ததும் 'மார்க்விஸ் வெல்லெஸ்லி' பட்டம் அற்றுப்போயிற்று.

குருதி வழி அறவில்லை. ரிச்சர்டின் மகள் ஆன், சார்லஸ் பெண்டிங்க் பிரபுவை மணந்தார். அவர்களுடைய மகன் ஒரு பாதிரியார். பாதிரியாரின் மகள் செசிலியா. செசிலியாவின் மகள் எலிசபெத், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி. அவ்வரசியின் மகளே 1952 முதல் 2022 வரை ஆண்ட இரண்டாம் எலிசபெத். பட்டத்திற்கு உரிமையில்லை என்று விலக்கப்பட்ட கிளை, மகளிர் வழியே அரியணையை அடைந்தது.

இதனைப் படித்த அன்றிரவு, என் குழந்தைகளுக்காக எங்கள் வம்சாவளியை எழுத அமர்ந்தேன். தந்தை, பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் பெயர்கள் தயங்காது வந்தன. கொள்ளுப்பாட்டியாரின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஊருக்குக் கடிதம் எழுதினேன். அங்கும் அறிந்தவர் எவருமில்லை.

மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் ஊர்விட்டு ஊர் பெயரும் குடும்பங்கள் நாம். நம் காலனியில் இன்றும் முதியோர் சிலர் உளர். அவர்களைக் கேட்டு, பெண்மக்கள் பெயரையும் விடாது எழுதி வைப்போமாக. அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போட வேண்டா.