வினோதினி தாசி - பெயர்ப் பலகையில் ஏறாத நடிகை

கல்கத்தா, 1883 ஜூலை 21. பீடன் தெருவில் புதிதாகக் கட்டிய ஒரு நாடக அரங்கம் அன்று இரவு திறக்கப்பட்டது. நாடகம் 'தட்ச யக்ஞம்'. எழுதியவர் கிரீஷ் சந்திர கோஷ். தட்சனாக நடித்ததும் அவரே. தட்சனின் மகள் சதியாக நடித்தவர் வினோதினி தாசி. (வங்காளிகள் வாயில் 'பினோதினி'.) அப்போது அவருக்கு இருபது வயது இருக்கும்.

அந்த அரங்கம் எழும்பியதற்கு முக்கியக் காரணமே வினோதினிதான். அவர் பெயரையே அரங்கத்துக்கு வைப்பதாக வாக்கும் கொடுத்திருந்தார்கள். ஆனால் பலகையில் எழுதியிருந்தது என்னவோ 'ஸ்டார் தியேட்டர்'!

அந்தக் கால வங்காள நாடக மேடையில் அவரளவுக்குப் பாராட்டு வாங்கிய நடிகை இல்லை. அப்படியிருந்தும் பெயர் ஏன் ஏறவில்லை? இதைப் புரிந்துகொள்ளப் பத்து வருடம் பின்னால் போக வேண்டும்.

மேடைக்குப் பெண்கள் வந்த விதம்

ஆரம்பத்தில் வங்காளத்தில் நாடகம் என்பது பணக்காரர் வீட்டு விஷயம். அழைப்பு வந்தவர்கள் மட்டும் போய்ப் பார்க்கலாம். டிக்கெட் வாங்கினால் யாரும் பார்க்கலாம் என்ற நிலை 1872 டிசம்பர் 7 அன்று, நேஷனல் தியேட்டர் 'நீல் தர்ப்பண்' நாடகத்தைப் போட்டபோது வந்தது. அங்கே ஸ்திரீ பார்ட் எல்லாம் ஆண்கள்தான்.

1873ல் பெங்கால் தியேட்டர் நான்கு பெண்களை நடிக்கச் சேர்த்துக்கொண்டது. பெண் வேடத்துக்குப் பெண்களையே போடுங்கள் என்று யோசனை சொன்னவர் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத். ஆனால் 'நல்ல குடும்பம்' என்று சொல்லிக்கொள்ளும் வீட்டிலிருந்து யார் மகளை மேடைக்கு அனுப்புவார்கள்? வந்தவர்கள் எல்லாரும் விலைமாதர் தெருக்களிலிருந்து வந்தவர்கள். இதை ஏற்க முடியாமல் அந்த அரங்கத்தின் குழுவிலிருந்து விலகிப் போனவர் யார் தெரியுமா? விதவை மறுமணத்துக்காகப் போராடிய ஈஸ்வர சந்திர வித்யாசாகர்! சீர்திருத்தவாதிக்கே அது தாண்ட முடியாத கோடாக இருந்தது.

வினோதினியும் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிறந்தவர்தான். வறுமையான வீடு. 1874ல், பதினொரு பன்னிரண்டு வயதில், மாதம் 10 ரூபாய் சம்பளத்துக்கு மேடையேறினார். முதல் வேடம், திரௌபதியின் தோழி. வசனம் கொஞ்சம்தான். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் போட்ட வேடங்கள் 80க்கும் மேல்.

பாராட்டுகள்

மதுசூதன் தத்தின் 'மேகநாத வதம்' மேடைக்கு வந்தபோது, ஒரே நாடகத்தில் பிரமீளா, சீதை, ரதி, மாயை, சித்ராங்கதா என்று பல பாத்திரங்களை வினோதினி ஒருவரே நடித்தார். பங்கிம் சந்திரரின் 'மிருணாளினி' நாவல் நாடகமானபோது மனோரமா வேடம் அவருக்கு. பார்க்க வந்த பங்கிம், தான் எழுத்தில் மட்டும் வரைந்த மனோரமாவைக் கண் முன்னால் பார்ப்போம் என்று நினைக்கவே இல்லை என்கிற மாதிரி சொன்னாராம். ஒரு நாவலாசிரியர் ஒரு நடிகைக்கு இதைவிடப் பெரிதாக என்ன தந்துவிட முடியும்?

கல்கத்தா பத்திரிகைகளும் தாராளமாகவே எழுதின. 'ஸ்டார்' கம்பெனியின் நிலவு என்றும், சுதேசி மேடையின் மலர் என்றும் பட்டம் சூட்டின.

இது வெறும் அழகுக்குக் கிடைத்த பாராட்டு இல்லை. கிரீஷ் கோஷ் அவருக்கு வசனம் மட்டும் சொல்லித் தரவில்லை. சாரா சிடன்ஸ், எல்லன் டெர்ரி போன்ற ஆங்கில நடிகைகள் எப்படி உழைத்தார்கள் என்று கதை கதையாகச் சொல்வார். பாத்திரத்தின் மனதைப் புரிந்துகொள்ளச் சொல்வார். அதன் பலன், ஒரே இரவில் பக்திப் பரவசத்தில் உருகும் சைதன்யராகவும், அது முடிந்ததும் 'விவாஹ விப்ராட்' என்ற கேலி நாடகத்தில் நவநாகரிக விலாசினியாகவும் அவரால் வர முடிந்தது. கிரீஷே இதை வியந்து எழுதியிருக்கிறார்.

பெயர் போன கதை

ஸ்டாருக்கு முன்னால் வினோதினி வேலை பார்த்தது பிரதாப்சந்த் ஜஹுரி என்ற வியாபாரியின் நேஷனல் தியேட்டரில். 15 நாள் விடுப்பில் காசிக்குப் போன இடத்தில் உடம்பு முடியாமல் ஒரு மாதம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால், சம்பளம் கிடையாது என்றார் முதலாளி. கூட்டம் வருவதே தன்னைப் பார்க்க, தனக்கே இந்தக் கதியா என்று கொதித்தார் வினோதினி. கிரீஷுக்கும் மற்றவர்களுக்கும் முதலாளியோடு ஏற்கெனவே உரசல். சொந்தமாக ஒரு அரங்கம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது.

பணத்துக்கு எங்கே போவது? குர்முக் ராய் என்ற பணக்கார இளைஞர் முன்வந்தார். நிபந்தனை ஒன்றுதான். வினோதினி தன்னோடு வந்துவிட வேண்டும். அரங்கம் எல்லாம் எதற்கு, 50,000 ரூபாய் கையில் தருகிறேன், நாடகத்தை விட்டுவிடு என்றும் கேட்டுப் பார்த்தார். அந்தக் காலத்து ஐம்பதாயிரம்! வினோதினி மறுத்தார். பணம் வேண்டாம், அரங்கம் கட்டிக் கொடுங்கள் என்றார். ஆக, மூலதனம் குர்முக் ராயுடையது. அதற்குக் கொடுத்த விலை வினோதினி.

கட்டிட வேலை நடந்தபோது கூலியாட்களோடு சேர்ந்து மண் கூடை சுமந்ததாக அவரே பின்னால் எழுதினார். அரங்கத்துக்கு அவர் பெயரின் முதல் எழுத்தை வைத்து 'பி தியேட்டர்' என்று பெயர் வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பதிவு செய்துவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, பெயர் 'ஸ்டார்'. விலைமகள் ஒருத்தியின் பெயர் வைத்தால் கூட்டம் வராது என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதே கூட்டம் அவர் நடிப்பைப் பார்க்கக் காசு கொடுத்து வந்த கூட்டம். கைதட்டியது பொய்யா? இல்லை. ஆனால் அது சதிக்கும் சீதைக்கும் விழுந்த கைதட்டல். அந்த வேடத்துக்குள் இருந்த பெண்ணுக்கு அதில் பங்கு கிடையாது.

அடுத்த வருடமே குர்முக் ராய் வீட்டு நெருக்கடியால் அரங்கத்தைக் கைமாற்ற வேண்டி வந்தது. பாதிப் பங்கை வினோதினிக்குக் கொடுக்க விரும்பினார். கிரீஷ் கோஷ் அதற்குச் சம்மதிக்கவில்லை. முதலாளித் தொல்லை எல்லாம் நமக்கு எதற்கு என்று வினோதினியின் தாயிடம் பேசி, வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டார். 11,000 ரூபாய்க்கு அரங்கம் நான்கு பேர் கைக்குப் போனது. நான்கு பேருமே ஆண்கள்.

சைதன்யரும் கோட்டு சூட்டும்

1884 ஆகஸ்ட் 2ல் 'சைதன்ய லீலை' அரங்கேறியது. ஆண் துறவியான சைதன்யராக வினோதினி. காலையில் கங்கையில் குளித்துவிட்டு, தான் கறைபடாமல் கரையேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மேடைக்குப் போவாராம். சில நாட்களில் உணர்ச்சிப் பெருக்கில் மயங்கி விழுந்ததும் உண்டு.

செப்டம்பர் 21 அன்று ராமகிருஷ்ண பரமஹம்சர் இந்த நாடகத்தைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு வினோதினியை ஆசீர்வதித்தார். வங்காள நாடகக்காரர்கள் திரைக்குப் பின்னால் ராமகிருஷ்ணர் படத்தை வைத்து வணங்கும் வழக்கம் அங்கிருந்துதான் வந்தது. அதுவரை முகம் சுளித்தவர்களும் அரங்கத்துக்குள் வரத் தொடங்கினார்கள்.

ஆனால் அடுத்த வருடம் ராமகிருஷ்ணர் சியாம்புகூரில் நோயுற்றுக் கிடந்தபோது வினோதினியால் நேராகப் போய்ப் பார்க்க முடியவில்லை. சீடர்கள் உள்ளே விட மாட்டார்கள். என்ன செய்தார்? கோட்டு, சூட்டு, தொப்பி போட்டு வெள்ளைக்கார துரை மாதிரி வேடமிட்டுப் போனார்! விஷயம் தெரிந்து ராமகிருஷ்ணர் சிரித்தாராம். ஊரே தொழுத சைதன்யருக்கு, ஒரு துறவியைப் பார்க்க இன்னொரு வேடம் தேவைப்பட்டது.

விலகலும் புத்தகமும்

1887 ஜனவரி முதல் தேதியோடு வினோதினி மேடையை விட்டார். வயது இருபத்தி மூன்று, இருபத்தி நான்கு. அதன் பிறகு 1941 வரை வாழ்ந்தும் மேடைக்குத் திரும்பவே இல்லை. மகள் சகுந்தலாவைப் படிக்க வைக்க ஆசைப்பட்டார். தாயின் பின்னணியைக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் இடம் மறுத்தார்கள். அந்தப் பெண்ணும் சிறு வயதிலேயே இறந்துபோனாள்.

1912ல் 'ஆமார் கதா' (என் கதை) என்ற தன்வரலாறு வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதித் தந்தவர் கிரீஷ் கோஷ். அதில் புகழ்ச்சி நிறையவே இருந்தது. ஆனாலும் உண்மைகள் விடுபட்டிருக்கின்றன என்று சொல்லி வினோதினி அதை ஏற்கவில்லை! குருவே எழுதிக் கொடுத்தும், பாராட்டு போதாது, நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றார். வேறு முன்னுரை எழுதுவதற்குள் கிரீஷ் அந்த வருடம் பிப்ரவரியில் காலமானார். அந்தப் பழைய முன்னுரை அடுத்த பதிப்பில்தான் சேர்ந்தது.

நற்பெயர் யாருடையது?

கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அகப்படாது, ஆனால் விலை உண்டு. ஸ்டார் கதையில் அது அப்படியே நடந்தது. 1887ல் பீடன் தெருக் கட்டிடத்தைக் கோபால் லால் சீல் என்பவருக்கு விற்றார்கள். கட்டிடத்தை மட்டும்தான். 'ஸ்டார்' என்ற பெயரைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, 1888ல் ஹாதிபாகானில் புது அரங்கம் திறந்தார்கள். செங்கல்லைவிடப் பெயர் மதிப்பானது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த மதிப்பை ஈட்டியதில் பெரும் பங்கு யாருடையது என்பதும் தெரியாமலா இருந்திருக்கும்?

பீடன் தெரு அரங்கம் பின்னாளில் சாலை போடுவதற்காக இடிக்கப்பட்டது. 2024 டிசம்பர் 30 அன்று, ஹாதிபாகான் ஸ்டார் தியேட்டருக்கு வினோதினியின் பெயர் வைக்கப்படும் என்று மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி அறிவித்தார். கொடுத்த வாக்கு நிறைவேற 141 வருடம் ஆகியிருக்கிறது. வினோதினி விலகிய பிறகு திறந்த அரங்கம் அது. அதன் மேடையில் அவர் ஒரு நாள்கூட நடித்ததில்லை. அதனால் பெயர் இடம் மாறிப் போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது. அங்கே எடுத்துக்கொண்டு போனது அவர் சம்பாதித்துக் கொடுத்த பெயரைத்தான்.